ஏழாவது கம்பம்

கொக்குக்கு அந்தப் பெயர் கல்குவாரியில் வந்தது. காலுக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, மிச்சமிருந்ததில் ஒரு உடம்பு செய்து மேலே வைத்ததுபோல இருப்பான். தலையில் கல்லோடு சரிவில் இறங்கும்போது மற்றவன் நாலு எட்டு வைக்கிற இடத்தை அவன் இரண்டில் தாண்டிவிடுவான். இருபத்திரண்டு வருஷம் அப்படித் தாண்டியதில் வலது முட்டி தேய்ந்துபோயிற்று. இப்போது எங்கே நின்றாலும் பாரத்தை இடது காலில் போட்டுத்தான் நிற்கிறான். பெயர் வைத்தவர்கள் முன்கூட்டியே பார்த்து வைத்ததுபோல் ஆகிவிட்டது.

அன்று காலை எட்டு மணிக்கு விடுதி முற்றத்தில் அப்படித்தான் நின்றுகொண்டு, பெட்டிகளை வேனுக்குள் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே குனிந்து அடுக்கியவன் அவன் மைத்துனன், வேன் டிரைவர். எட்டுப் பேர், எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட அட்டை தொங்கியது.

ஆற்றோரமாக நடந்தே பழைய ஊர்களைப் பார்க்கிற சுற்றுலா அது. தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமும் மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் ஓர் ஊரில் கிளம்பினால், பதினாலு கிலோமீட்டர் நடந்து சாயங்காலம் அடுத்த ஊர். கூட வழிகாட்டி கிடையாது. கையில் ஒரு சின்னப் புத்தகம், பாதையில் கிலோமீட்டருக்கு ஒரு மரக்கம்பம், அவ்வளவுதான். பெட்டி வேனில் போய்விடும். கம்பெனி இதற்கு ‘எளிய நடை’ என்று பெயர் வைத்திருந்தது. சுமையில்லாமல் நடப்பதற்குக் காசு கொடுக்கிற ஜனங்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொக்கு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான்.

அவன் வேலை பாதை பார்ப்பது. மாதம் ஒருமுறையும், பெருமழை விட்ட பிறகும், முழுப் பாதையையும் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் பின்பக்கம் கறுப்புப் பெயிண்டால் அன்றைய தேதி போட வேண்டும். கடைசியில் ஆபீஸ் தாளில், ‘நடந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்பதற்குக் கீழே கையெழுத்து. இந்த வேலையை வாங்கித் தந்தவன் மைத்துனன்தான். “எங்க மாமா குதிரை மாதிரி நடப்பாரு மேடம்” என்று ஆபீஸ் மேடத்திடம் சத்தியம் பண்ணியிருந்தான். வேலையோடு விடுதிக்குப் பின்னால் இரண்டு அறை கிடைத்தது. கொக்கின் மனைவி அதே விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறாள். வேலை போனால் கூரையும் போச்சு.

முட்டி விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். தினமும் விடிந்ததும் பழைய விரிப்பைக் கிழித்து, முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே பேண்டை இழுத்துவிடுகிறவள் அவள்தான்.

“சொல்லிடுங்களேன்” என்பாள்.

“சொல்லிட்டு? உங்கப்பன் வீட்டு மாடியில குடியேறலாமா?”

“எங்கப்பனுக்கு மாடி இருந்திருந்தா உங்களுக்கு ஏன் கட்டி வச்சாரு?” என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். அறுபத்தைந்து வயதிருக்கும். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு கையிலும் நடைக்குச்சி. முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் அவள் ‘டீச்சர்’.

“நீங்கதான் பாதை பாக்கறவராமே? இன்னிக்கு எப்படிங்க இருக்கும்? என் பொண்ணு போகவே கூடாதுன்னா. புக்குல ‘எளிது’ன்னு போட்டிருக்குடி, நம்பிப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“பாய் விரிச்ச மாதிரி இருக்கும்மா” என்றான் கொக்கு.

சொன்ன பிறகு நாக்கு கசந்தது. டீச்சர் நன்றி சொல்லிவிட்டு மற்ற ஏழு பேரோடு சேர்ந்துகொண்டாள். கல் பாவிய தெருவில் குச்சிகள் டக் டக்கென்று தட்டிக்கொண்டு போயின. பழைய சுங்கவாசல் வளைவுக்குள் நுழைந்து, ஆற்றுப் பக்கம் திரும்பியதும் சத்தம் நின்றது.

நடந்தது இதுதான். போன வாரம் மூன்று நாள் விடாத மழை. செவ்வாய்க்கிழமை கொக்கு பாதை பார்க்கக் கிளம்பினான். இரண்டாவது கம்பத்துக்குத் தேதி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது முட்டி பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அரைமணி நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்து ஆற்றைத் திட்டினான். பிறகு நொண்டிக்கொண்டே திரும்பி, பஸ் பிடித்து அடுத்த ஊருக்குப் போய், அந்தப் பக்கத்திலிருந்து பதினாலாவது, பதிமூன்றாவது கம்பங்களுக்குத் தேதி போட்டான். தலையும் வாலும் சரியாக இருந்தால் நடுவில் பாம்பு இருக்கத்தானே செய்யும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். புதன்கிழமை அதற்கடுத்த ஊருக்குப் போகிற பாதைக்கும் அதே வைத்தியம். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டான்.

வேன் ஒன்பதரைக்குக் கிளம்பியது. சாலை பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் வளைந்து வளைந்து போகிறது. ஆறும் நடைபாதையும் ஆழத்தில். பாதி வழியில் பழைய கோட்டை. சுவர் இடிந்து கிடந்தாலும், அதிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற கல்படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தத் திருப்பத்தில் ஆட்டுமந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. மைத்துனன் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

“பெரியவரே, ரோட்டை எழுதி வாங்கிட்டீங்களா?”

“வாங்குனா உன்கிட்ட வாடகை கேக்க மாட்டேனா?” ஆட்டுக்காரர் அவசரப்படாமல் வந்து ஜன்னலில் சாய்ந்தார். “ஏன்பா, இன்னிக்கும் கீழ ஆளுங்களை விட்டிருக்கீங்களா?”

“ஏன்? விட்டா என்ன?”

“கோட்டைக்கு நேர் கீழ கரையை ஆறு தின்னுட்டுப் போயிருக்கு. நேத்து அக்கரையில நின்னு பாத்தேன். பல்லு போன வாயில உதடு மாதிரி தொங்குது பாதை. மேல புல்லு, கீழ காத்து. பாதையில நின்னா ஒண்ணும் தெரியாது, பச்சைப்பசேல்னு இருக்கும். நான் ஆட்டையே அந்தப் பக்கம் விடல.”

“அதெல்லாம் இருக்காது. எங்க மாமா செவ்வாக்கிழமைதான் முழுசா நடந்து பாத்தாரு.”

ஆட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். “அப்படியா? அப்ப சரி. கொக்குதானே, பறந்து போயிருப்பாரு.”

மந்தை கடந்து போயிற்று. மைத்துனன் கியரில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். கொக்கின் முகத்தில் ரத்தமே இல்லை.

“மாமா?”

“ஏழாவது கம்பம்” என்றான் கொக்கு. “கோட்டைக்கு நேர் கீழ ஏழாவது கம்பம்.”

“நீங்க பாத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு?”

“பாக்கல மாப்ள.”

மைத்துனன் இன்ஜினை அணைத்தான். கொக்கு பேண்டை முட்டிக்கு மேலே சுருட்டிக் காட்டினான். கட்டுத் துணியைத் தாண்டி இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

“எத்தனை நாளா?”

“ஏழெட்டு மாசமா.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“அவதானே கட்டுறா.”

“நல்ல குடும்பம்யா! நான் ஒருத்தன்தான் கேனையன். குதிரை மாதிரி நடப்பாருன்னு நான் போய் மேடம்கிட்ட சத்தியம் பண்ணிட்டு வரேன், இங்க குதிரை லாயத்துல நொண்டிட்டு நிக்குது.” அவன் போனை எடுத்தான். “கீழ டவர் கிடையாது, அவங்களைக் கூப்பிட முடியாது. ஆபீஸுக்குச் சொல்றேன், யாரையாவது அனுப்பட்டும்.”

கொக்கு போனோடு சேர்த்து அவன் கையைப் பிடித்தான். “வேணாம்.”

“என்னய்யா வேணாம்? எட்டு உசிரு!”

“ஆபீஸ்லேருந்து ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும். மணி பத்தே கால். பதினோரு மணிக்கு அவங்க ஏழாவது கம்பத்துல இருப்பாங்க. படி வழியா நானே போறேன்.”

“இந்தக் காலோடயா? நான் போறேன், விடுங்க.”

“நீ போய் எது தொங்குது, எது நிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப? நீயும் சேந்து ஏறி நிப்ப. எனக்குத் தெரியும். குவாரியில இருபது வருஷம் தொங்குபாறைக்குக் கீழதான் சோறு தின்னேன்.”

சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் போனைப் பிடித்த கைக்கு வேறு காரணமும் இருந்தது. ஆபீஸுக்குத் தெரியாமல் இதை முடித்துவிட முடியுமா என்று அந்த நிமிஷத்திலும் ஒரு மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தான். எட்டுப் பேரை நினைத்தான். அந்த இரண்டு அறையையும் நினைத்தான். எது முதலில் வந்தது என்று பிற்பாடு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

படிகள் இருநூற்றுப் பத்து. மழையில் பாசி பிடித்து வழவழவென்று கிடந்தன. கொக்கு பத்துப் படி நேராக இறங்கிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் முட்டிக்குள் ஆணி இறங்கியது. அப்புறம் குவாரியில் ஏணி இறங்குவதுபோலத் திரும்பிக்கொண்டான். முகம் படியைப் பார்க்க, இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி, நல்ல காலை முதலில் இறக்காமல் கெட்ட காலை முதலில் இறக்கி, பின்பக்கமாக. நாலு காலில் இறங்குகிற மனுஷனைப் பார்த்துக் கோட்டைச் சுவரில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. மேலேயிருந்து மைத்துனன், “மெதுவா மாமா, மெதுவா” என்று கத்திக்கொண்டே இருந்தான். நூற்றைம்பதாவது படியில் கட்டுத்துணி அவிழ்ந்து கணுக்காலில் விழுந்தது. அதைக் கட்ட நேரமில்லை.

கீழே சேர்ந்தபோது பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

எட்டுப் பேரும் ஏழாவது கம்பத்துக்குப் பக்கத்தில், புல்தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் காலை ஆற்றுப் பக்கம் தொங்கப் போட்டிருந்தார்கள். கொக்குக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புத்தகத்தில் அந்த இடத்துக்கு நேரே, ‘இங்கே அமர்ந்து இளைப்பாறலாம், பழைய பாலத்தின் தூண்கள் தெரியும்’ என்று போட்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நல்ல முட்டியோடு நடந்தபோது, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சொன்னதே அவன்தான்.

ஓடவில்லை. கத்தவில்லை. தொங்குகிற கல்லுக்குப் பக்கத்தில் கத்துகிறவன் குவாரியில் ஒரு நாள்கூடப் பிழைக்க மாட்டான். பாதையின் உள்பக்கம், மலைச் சுவரை ஒட்டி நடந்து, அவர்களுக்குச் சற்று முன்னாலேயே குப்புறப் படுத்து, விளிம்புக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தான். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில் கரையே இல்லை. ஒரு மாட்டுவண்டி புகுந்து திரும்பலாம், அவ்வளவு பெரிய பொந்து. வேர்கள் தாடி மாதிரி தொங்கின. கீழே தண்ணீர் சுழன்றது.

“அட, பாதைக்காரரா? என்னங்க, நீச்சலா?” என்றார் ஓரத்தில் இருந்த ரிட்டயர்டான பேங்க் மேனேஜர்.

கொக்கு படுத்தபடியே பேசினான். “ஐயா, அம்மா, நான் சொல்றதை அப்படியே செய்யணும். யாரும் எந்திரிக்காதீங்க. காலைத் தொங்கப் போட்டிருக்கவங்க மொதல்ல. உக்காந்த வாக்குலேயே, கையை ஊனி, பின்னால நகருங்க. மலையோட முதுகு ஒட்டுற வரைக்கும். ஒவ்வொருத்தரா.”

“ஏன்?”

“நகந்துட்டுக் கேளுங்கய்யா.”

அவன் குரலில் என்ன இருந்ததோ, நகர்ந்தார்கள். குழந்தைகள் தவழ்வதுபோல, ஒருவர் மலையைத் தொட்ட பிறகு அடுத்தவர். டீச்சர் கடைசி. அவள் முதுகு மலையில் ஒட்டியதும் கொக்கு மூச்சு விட்டான். பொட்டலங்கள் புல்லிலேயே கிடந்தன.

ஒன்றும் இடியவில்லை. புல் காற்றில் ஆடியது. பழைய பாலத்தின் தூண்கள் அழகாகத்தான் தெரிந்தன. மேனேஜர் பேண்டில் மண்ணைத் தட்டினார். “நல்லாத்தானேய்யா இருக்கு? சாப்பிட்டுட்டு இருந்தவங்களை இப்படித் தேய்க்க விட்டுட்டியே.”

கொக்கு டீச்சரின் நடைக்குச்சி ஒன்றை வாங்கினான். கையை நீட்டி, மேனேஜர் உட்கார்ந்திருந்த இடத்தில் குத்தி அழுத்தினான். குச்சி வெண்ணெயில் இறங்குவதுபோல் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. உருவி எடுத்தான். ஓட்டையில், விரல் அகலத்துக்கு, தண்ணீர் மின்னியது.

மேனேஜர் வாயை மூடிக்கொண்டு மலையோடு இன்னும் கொஞ்சம் ஒட்டினார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் கொக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர், “கடவுள் மாதிரி வந்தீங்க” என்றார். கொக்கு பாதையின் குறுக்கே ஒரு காய்ந்த கிளையை இழுத்துப் போட்டு, அவர்களைப் படிப் பக்கம் திருப்பிவிட்டான்.

டீச்சர் மட்டும் பின்தங்கி, அவனோடு நடந்தாள். அவன் நொண்டுவதைப் பார்த்தாள். மற்றவர்கள் கொஞ்ச தூரம் ஏறட்டும் என்று காத்திருந்தவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“கம்பத்துக்குப் பின்னாடி தேதி போடுவீங்களாமே, டிரைவர் தம்பி சொன்னார். முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவ நான், சும்மா இருக்க முடியல. ஒவ்வொரு கம்பத்தையும் பின்பக்கம் போய்ப் பாத்துட்டே வந்தேன். முதல் ரெண்டுல செவ்வாக்கிழமைத் தேதி இருந்துது. மூணுலேருந்து இது வரைக்கும் போன மாசத் தேதி. நீங்க இந்த வழியா வரல. இல்லையா?”

கொக்கு படியில் உட்கார்ந்தான். “வரலம்மா.”

“காலு?”

“ஆமாம்மா.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. தன் இன்னொரு குச்சியையும் அவன் மடியில் வைத்தாள். இரண்டு படி ஏறித் திரும்பினாள்.

“நாளைக்குப் பாதை?”

அவன் குச்சிகளை ஊன்றி எழுந்தான். அவள் மேலே ஏறத் தொடங்கினாள்.

எட்டுப் பேரையும் பெட்டிகளோடு வேனுக்குள் திணித்து, மைத்துனன் அடுத்த ஊருக்கு ஓட்டினான். கொக்கு முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு குச்சிகளைப் பிடித்திருந்தான். பின்னாலிருந்து மேனேஜர் டவர் கிடைத்த உடனே ஆபீஸுக்குப் போன் போட்டார். கொக்கைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டால் நாளைக்கே சிலை வைத்துவிடுவார்கள் போலிருந்தது.

அந்த ஊர் விடுதியின் முன்கூடத்தில் ஆபீஸ் மேடம் காத்திருந்தாள். இரண்டு மணி வெயில் பெரிய ஜன்னல் வழியாக மேஜை மேல் விழுந்திருந்தது. அதில் இரண்டு தாள்கள் இருந்தன: செவ்வாய்க்கிழமைத் தாள், புதன்கிழமைத் தாள்.

“உட்காருங்க, உட்காருங்க. மழைக்கப்புறம் பாத்தும், மறுபடி சந்தேகம் வந்து இறங்கிப் பாத்தீங்களாமே?”

கொக்கு மைத்துனனைப் பார்த்தான். அந்தக் கதையைக் கட்டியவன் சுவரில் இருந்த படத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

“இந்தப் பொறுப்பு எத்தனை பேருக்கு வரும்? நான் மேல சொல்லிட்டேன். அடுத்த மாசத்துலேருந்து மேட்டுப் பாதையையும் நீங்களே பாருங்க. வேற யாரையும் நம்ப முடியல.” அவள் புதன்கிழமைத் தாளைத் தட்டிக் காட்டினாள். “நாளைக்குப் பாதை நீங்க பாத்ததுதானே, அதுல பயமில்ல. இவங்க எட்டு மணிக்குக் கிளம்பலாம்.”

மைத்துனன் பக்கத்தில் வந்து நின்று கொக்கின் நல்ல காலை மிதித்தான். பலமாகவே மிதித்தான்.

கூடத்தின் மறு ஓரத்தில் டீச்சர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு முடிச்சை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

சும்மா இருந்தால் போதும் என்று கொக்குக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருப்பதற்குத் தனியாகத் தைரியம்கூட வேண்டாம். விடிவதற்குள் அந்தப் பாதையை நடந்து பார்த்துவிட முடியுமா என்று ஒரு கணம் நினைத்துக்கூடப் பார்த்தான். மேஜைக்கு அடியில் முட்டியை மடக்கிப் பார்த்தான். அது மடங்கவில்லை.

“மேடம், அதையும் நான் நடக்கல.”

“எதை?”

“நாளைக்குப் பாதையை. இன்னிக்குப் பாதையையும் நடக்கல. ரெண்டு தாள்லயும் பொய்க் கையெழுத்து. எனக்கு முட்டி போயிடுச்சு. என் மைத்துனனுக்கு ஒண்ணும் தெரியாது, அவன்மேல தப்பில்ல. நாளைக்கு யாரையும் விடாதீங்க.”

மைத்துனன் காலை எடுத்துக்கொண்டான். மேடம் இரண்டு தாளையும் ஒன்றாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். சத்தம் போடவில்லை, கூடத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர்தான் போட்டார். “கடவுள் மாதிரி” என்று சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்குப் போனார்.

“பெயிண்ட் டப்பாவை வேன்ல வச்சுடுங்க” என்றாள் மேடம். “ரூம் சாவியை இந்த மாசம் முடியறதுக்குள்ள கொடுத்துடணும். இதைப் போலீஸுக்குக் கொண்டு போகணுமா வேண்டாமான்னு நான் மேல கேட்டுத்தான் சொல்லணும்.”

“சரிங்க மேடம்.”

கொக்கு குச்சிகளை ஊன்றி எழுந்து டீச்சரிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. “ஒண்ணை வச்சுக்குங்க” என்றாள். “எனக்கு இன்னும் கோபம் போகல. அதுக்காக நீங்க விழணுமா?”

முற்றத்துக்கு வந்து வேன் படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டான். பின்னணியில் இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுகிற சத்தம்.

“என்னங்க, முட்டி எப்படி இருக்கு?”

“மடங்கல. கட்டு வழியிலேயே விழுந்துடுச்சு.”

“நல்லா முடிச்சுப் போட்டேனே.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஆபீஸுக்குத் தெரிஞ்சுடுச்சா?”

“தெரிஞ்சுடுச்சு.”

“யார் சொன்னா?”

“நான்தான்.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. அவள் அழுகிறாளா என்று காதைக் கூர்மையாக்கினான். அழவில்லை. யாரிடமோ, “இதோ வரேன்” என்றாள். பிறகு போனுக்குள் சொன்னாள்:

“அப்ப கிச்சன்ல அட்டைப் பெட்டி கேட்டு வைக்கறேன். எத்தனை வேணும்?”

அந்த இரண்டு அறையையும் அவன் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நொண்டாமல் சுற்ற முடிந்த நடை அது ஒன்றுதான்.

“நாலு போதும்” என்றான்.